சந்தூக் வராத வீடு

போன மாதம் என் சாச்சிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உங்களில் சிலரும் வந்திருந்தீர்கள். முன்வரிசையில் மூக்குக் கண்ணாடியும் விசிறியுமாக நீங்கள் உட்கார்ந்திருந்ததைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. என் மூக்கிலும் ஒன்று இருப்பது அப்போது நினைவில் இல்லை.

மேடையில் ஏறியவர்கள் ஆளுக்கொரு பட்டம் கொடுத்தார்கள். ஒருவர் இரும்புப் பெண்மணி என்றார். இன்னொருவர் தாய்க்குலத்தின் விடிவெள்ளி என்றார். சாச்சியின் வீட்டுக்கு, இறந்தவரைச் சுமந்துபோகும் பெட்டியான சந்தூக்கை அனுப்ப மாட்டோம் என்று ஒரு காலத்தில் தீர்மானம் எடுத்தவர்களின் மகன்மாரும் பேசினார்கள். நன்றாகத்தான் பேசினார்கள். கதவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாமாவைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால் நான் எழுதுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டில்களில் என்னோடு சேர்ந்து வேர்த்துக் கிடந்தவர்கள் நீங்கள். இந்தக் கதையில் பாதி உங்களுக்கே தெரியும்.

சாச்சி என் உம்மாவின் தங்கை. மாமா அவர்கள் இருவருக்கும் மூத்தவர், எங்கள் குடிக்கு மரைக்கார். வெளியூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நமது ஊரில் வீடு பெண்ணுக்கு. ஆண் கலியாணம் முடித்தால் ஒரு பெட்டி உடுப்போடு பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். குடியும் தாய்வழியில்தான் வரும். ஆனால் அந்தக் குடிக்காகப் பள்ளிவாசலில் உட்கார்ந்து பேசுகிற மரைக்கார் மட்டும் ஆண். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் நல்ல மூளைக்காரர்கள். வீட்டைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு வாயை ஆணுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

உம்மாமார் பிறந்த வீடு கடைசி மகள் என்பதால் சாச்சிக்கு வந்தது. கல்முனைக் கடற்கரையில், அலை கேட்கிற தூரத்தில் இருந்தது. மாமாவோ அங்கிருந்து கொஞ்சம் தள்ளி மாமியின் வீட்டில் இருந்தார். கடல் வந்த அன்று இரண்டு வீடுகளும் போயின. மாமியும் போனார். சாச்சியின் புருசனான சாச்சாவின் தங்கைமார் இருவரும் போனார்கள். சாச்சாவின் உம்மாவை ஒரு தென்னையின் உச்சியிலிருந்து இறக்கினார்கள். உப்புத் தண்ணீர் நெஞ்சில் இறங்கிய அந்த மனிசி அதன்பிறகு ஒழுங்காக மூச்சு விடவில்லை.

அந்த நாட்களின் வாசம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? சேறு, டெட்டோல், எங்கேயோ எரிந்த ரப்பர், எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு வாசம். சந்தூக்குக்கு யார் போவது? பாயிலும் கட்டில் விரிப்பிலும் சுற்றி, லொறியிலும் உழவு மிசினிலும் ஏற்றி, மணலில் ஒன்றாகப் புதைத்தார்கள். குளிப்பாட்டவில்லை, கபன் துணி இல்லை. யாரை எந்தப் பக்கம் வைத்தார்கள் என்றும் தெரியாது. மாமியையும் அப்படித்தான் வைத்தார்கள்.

அதற்குக் கொஞ்ச நாளைக்குப் பிறகு, மாவடிப்பள்ளிப் பக்கத்து வயலில் ஒரு கதவு ஒதுங்கிக் கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மாமா போய்ப் பார்த்தார். முதிரை மரக் கதவு, இரண்டு பேர் பிடித்தாலும் மூச்சு வாங்கும். கீழ்மூலையில் ஒரு கருகல் இருந்தது. மாமா சின்ன வயதில் பெருநாளன்று சீனவெடி கொளுத்தி வைத்து வாப்பாவிடம் அடி வாங்கிய கருகல் அது. உழவு மிசினில் ஏற்றிக்கொண்டு வந்து, சாச்சியின் தகரக் கொட்டிலில் சாத்தி வைத்தார்.

"உம்மாட கதவு" என்றார். "வீடு உன்ட. கதவும் உன்ட."

சாச்சி அந்தக் கருகலைத் தடவித் தடவி அழுதார். சுனாமிக்குப் பிறகு அவர் அழுததை அன்றுதான் கண்டேன். மாமா பக்கத்தில் நின்று, அழாமல், சேற்றைத் தன் சாரன் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டும். பிறகு நடந்தவற்றைக் கேட்டுவிட்டு அவர்கள் பகையாளிகள் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

சுவரில்லாத கொட்டிலில் கதவு எதற்கு? சாச்சி அதைக் கற்கள் மேல் படுக்கப் போட்டுத் துணி வெட்டும் மேசையாக்கினார். அவர் தையல் ரீச்சர். கொட்டில்களில் இருந்த பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கதவின் மேல்தான் பாவாடை வெட்டப் பழக்கினார். நமக்கெல்லாம் முதல் அளவு எடுத்தது அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான்.

சாச்சி அரசியலுக்கு வந்தது கழிப்பறையால் என்று மேடையில் சொல்லியிருந்தால் கூட்டம் சிரித்திருக்கும். ஆனால் அதுதான் உண்மை. கொட்டில்களுக்குப் பின்னால் கட்டிய கழிப்பறைகளுக்கு வாசலில் வெறும் சாக்குத்தான் தொங்கியது. பெண்கள் பொழுது படும்வரை பொறுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிப்பதையே விட்டவர்கள் உண்டு. ஒருநாள் அதிகாரிகள் ஜீப்பில் வந்து, எல்லாம் சரியா என்று கேட்டபோது, சாச்சி முன்னால் போய், "சேர், நீங்க ஒருக்காப் போயிற்று வாங்க. நாங்க எல்லாரும் இஞ்சயே நிக்கம்" என்றார். அடுத்த கிழமை தகரக் கதவுகள் வந்தன. பெண்கள் அன்றிலிருந்து எதற்கும் சாச்சியிடம் வந்தார்கள்.

பிறகுதான் வீட்டுக் கணக்கெடுப்பு வந்தது.

புதிய வீடுகள் கட்டித் தரப்போகிறார்கள், கடலிலிருந்து தள்ளி, வயலை நிரப்பி. அதற்காக ஒவ்வொரு கொட்டிலாக வந்து குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு எழுதினார்கள். நமது பெண்கள் தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு புருசன்மாரின் பெயரைச் சொன்னார்கள். வேறு என்ன சொல்வார்கள்? புருசன் இருக்கும்போது நான்தான் தலைவர் என்று யார் சொல்வது? உடைந்த வீடு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாக் கொட்டிலிலும் பெண்ணின் பெயர்தான் வந்திருக்கும்.

பக்கத்துக் கொட்டிலில் ஒரு ராத்தா இருந்தார், நமக்கெல்லாம் மூத்த சகோதரி மாதிரி. அவருடைய புருசன் நிந்தவூரில் இரண்டாம் கலியாணம் முடித்து அங்கேயே இருந்துவிட்டவர். கடல் வந்தபோது எட்டிப் பார்க்கவில்லை. கணக்கெடுக்க வந்த அன்று மட்டும் தலை சீவி, அத்தர் பூசி, கொட்டில் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பெயரைத்தான் எழுதிக்கொண்டு போனார்கள். வீடு கிடைக்கும்வரை என்று அவரும் அங்கேயே தங்கிவிட்டார்.

ராத்தா அன்று பின்னேரம் சாச்சியிடம் வந்து, "என்ட உம்மா தந்த வீடு. கடல் எடுத்தா அல்லாஹ் எடுத்த எண்டு இருப்பன். இப்ப இவர் எடுக்கார்" என்றார்.

சாச்சி மாமாவிடம் போனார். மரைக்கார்மார் சேர்ந்து ஒரு வார்த்தை சொன்னால் அதிகாரிகள் கேட்பார்கள். மாமா தன் மகளின் கொட்டிலுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மூத்த சகோதரனைச் சாச்சி காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, வீட்டப் பொம்பிளையள்ட பேருக்கு எழுதச் சொல்லுங்க. நம்மட வழக்கம் அதுதானே."

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். "ஆம்பிளதான் குடும்பத்துக்குப் பொறுப்பு. மார்க்கம் அப்பிடித்தான் சொல்லுது."

"சீதன வீட்டுக்குள்ள போய் இரிக்கக்குள்ள மார்க்கம் எங்க போன காக்கா?"

நான் சாச்சியின் பின்னால் நின்றேன். அக்கம்பக்கத்துக் கொட்டில்களில் பேச்சு நின்றுபோனது. ஒரு மரைக்காரிடம் அப்படிப் பேசிய பெண்ணை நம்மில் யாரும் அதற்கு முன் கண்டதில்லை.

மாமா எழுந்து, சால்வையைத் தோளில் போட்டார். "பொண்டாட்டி மவுத்தானா ஆம்பிள எங்க போற எண்டு நீ ஒருநாளும் யோசிக்கல்ல" என்றார். பள்ளிவாசல் பக்கம் நடந்தார்.

அந்தச் சொல் எல்லோர் காதிலும் விழுந்தது. யாரும் அதைப் பொறுக்கி எடுக்கவில்லை. மாமி போனபிறகு மாமா பள்ளிவாசல் விறாந்தையில்தான் படுக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கே தன்னைக் கொடுத்துவிட்டார், எப்பேர்ப்பட்ட மனிசன் என்று உம்மாமார் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்கெடுப்பு அப்படியே நின்றால் மாமியின் வீட்டுக்குப் பதிலாக மாமாவின் பெயரில் ஒரு வீடு வரும், அறுபது தொடுகிற வயதில் அவருடைய முதல் வீடு என்று எந்தப் பெரியவரும் அப்போது யோசித்ததாகத் தெரியவில்லை. பெண்ணின் பெயரில் என்றால் அது மாமாவின் மகளுக்குப் போகும். அவருக்கு விறாந்தைதான்.

சாச்சி பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்புக்குப் போய் ஒரு அக்காவைப் பார்த்தார். அவரும் தையல் ரீச்சர், தமிழ் ஆள். அவருடைய சீதன வீடும் கடலோடு போனது. அங்கேயும் இதே வழக்கம், இதே கணக்கெடுப்பு, இதே சண்டை. இரண்டு பேரும் பேசி, மாநகர சபைத் தேர்தலில் சுயேச்சைக் குழுவாக நிற்க முடிவெடுத்தார்கள். சின்னம் கேத்தல்.

"தேத்தண்ணிக் கட்சி" என்று சந்தியில் சிரித்தார்கள். "ஒரு பிளேன்டி போடுங்க ரீச்சர்" என்று சாச்சி போகும்போது கூப்பிட்டார்கள். சாச்சி திரும்பி, "கோப்பையக் கழுவிற்று வாங்க தம்பி" என்பார். முதல் இரண்டு கிழமையும் அப்படி வேடிக்கையாகத்தான் போனது.

அதன்பிறகு ஊர் இறுகத் தொடங்கியது. தமிழாளோடு ஒரே குழுவில் நிற்கிறாள் என்று இங்கே பேசினார்கள். முஸ்லிமோடு நிற்கிறாள் என்று அங்கே பேசினார்கள். யுத்தம் திரும்பவும் மூளப்போகிற காலம், எல்லையில் இருக்கிற ஒழுங்கைகளில் ஆட்கள் விளக்கையே குறைத்துத்தான் வைத்தார்கள். முகத்தைத் துணியால் கட்டிய இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, கொட்டில்களுக்கு முன்னால் இயந்திரத்தை நிறுத்தாமல் சும்மா நிற்பார்கள். ஒன்றும் பேச மாட்டார்கள். போய்விடுவார்கள். பேசியிருந்தால் பயம் குறைந்திருக்கும்.

ஒரு ஹர்த்தால் நாள். பாண்டிருப்பிலிருந்து அக்காவும் சாச்சியும் நானும் ஓட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். என் மடியில் கேத்தல், ஆட்களுக்குக் காட்டுவதற்காக. எல்லை வீதியில் டயர் எரிந்தது. பொடியன்மார் மறித்தார்கள். ஓட்டோக்காரர் இறங்கி ஓடிவிட்டார். அக்கா நெற்றியில் இருந்த பொட்டை விரலால் அழித்துவிட்டுச் சேலையைத் தலைக்கு மேல் இழுத்தார்.

"அழிக்காத" என்றார் சாச்சி.

"விசரா உனக்கு? புள்ளையும் இரிக்கி."

"இஞ்ச நீ அழிச்சா, அங்கால நான் முக்காட்டக் கழட்டணும். பிறகு நம்மள எவள் நம்புவாள்?"

முதல் கல் என் மடிக்குத்தான் வந்தது. கேத்தல் ஒடுங்கியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்தச் சத்தம் பற்களுக்குள் போய் இருந்தது. சாச்சி ஒடுங்கிய கேத்தலை என்னிடமிருந்து வாங்கிக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தார். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பொடியன்மாரில் ஒருவனின் உம்மா நமது கொட்டிலில் பாவாடை தைக்கப் பழகியவர். அவன் முதலில் கையைக் கீழே போட்டான். மற்றவர்களும் விலகினார்கள்.  அன்று முழுக்கச் சாச்சி ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் என்னிடம் தந்தார்.

தேர்தலுக்குக் கிட்டத்தில் மாமா வந்தார். சண்டைக்குப் பிறகு அன்றுதான் அவர் கொட்டிலுக்கு வந்தது. உட்காரவில்லை. பள்ளிவாசல் கூடித் தீர்மானம் எடுத்துவிட்டது. சாச்சி விலகிவிட்டேன் என்று ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஊர்விலக்கு. சாச்சி வீட்டோடு யாரும் கொள்ளக் கொடுக்கக் கூடாது.

"சந்தூக்கும் வராது" என்றார் மாமா. இதைச் சொல்லும்போது அவர் சாச்சாவைப் பார்த்தார்.

சாச்சா நல்ல மனிதர், பயந்த மனிதர். அவருடைய உம்மா திரைக்குப் பின்னால் பாயில் கிடந்தார். அந்த மூச்சுச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்த உயிர். அவர் மவுத்தானால் மையவாடிக்கு எதில் கொண்டுபோவது?

"விட்டிருவமா?" என்றார் சாச்சா, சாச்சியிடம், மெல்ல. "என்ட உம்மா, புள்ள."

 சாச்சியின் முகத்தைப் பார்த்தபோது விலகப்போகிறார் என்றே நினைத்தேன். வாய் திறந்தார்கூட.

திரைக்குப் பின்னாலிருந்து அந்த மனிசியின் குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி வாங்கி.

"மரைக்கார்."

"சொல்லுங்க மாமி" என்றார் மாமா.

"என்ட ரெண்டு குமரும் மவுத்தான அண்டைக்கு சந்தூக் வந்ததா?"

மாமா திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"உங்கட பொஞ்சாதிக்கு வந்ததா?"

தகரம் வெயிலில் டிக் டிக் என்று விரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அவளுகள் போன மாதிரி நானும் போறன். அவளுகளுக்கு இல்லாத சந்தூக் எனக்கு என்னத்துக்கு? என்னக் காட்டி இவள வெருட்டாதங்க."

இதுதான் பெரியவர்கள் செய்த பிழை. நமது ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சந்தூக்கைக் காட்டி ஆட்களை அடக்கினார்கள், அடங்கினார்கள். பாயில் சுற்றிப் பிள்ளைகளைக் கொடுத்தவர்களிடம் அது செல்லாது என்று பள்ளிவாசலில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் முகம் கறுத்துப்போய், செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கிழமையே ஒரு விடியற்காலை சுபஹ் நேரத்தில் சாச்சாவின் உம்மா மவுத்தானார்.

பெண்கள் குளிப்பாட்டிக் கபனிட்டார்கள். சாச்சா பள்ளிவாசலுக்குப் போய் வெறுங்கையோடு வந்தார். சந்தூக் அறையின் சாவி தலைவரிடமாம், தலைவர் கொழும்பிலாம். வெயில் ஏறியது. ஊதுபத்தி முடிந்து முடிந்து புதிதாகக் கொளுத்தினார்கள். கொட்டில் வரிசைகளில் ஆண்கள் வாசலிலேயே குந்தியிருந்தார்கள். பள்ளித் தீர்மானத்தை மீறினால் அவர்களுக்கும் விலக்கு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மண்ணில் குச்சியால் கீறிக்கொண்டிருந்தார்கள். மதியத்து லுஹர் பாங்கும் சொல்லியாகிவிட்டது.

சாச்சி எழுந்தார். கதவின் மேலிருந்த தையல் மிசினைத் தூக்கிக் கீழே வைத்தார். கத்தரிக்கோல், நூல்பந்து, அரைகுறையாக வெட்டிய பாவாடை, எல்லாவற்றையும் எடுத்தார். நீர் விட்டுக் கழுவினார்.

"இதில கொண்டு போங்க" என்றார்.

"உங்கட உம்மாட கதவு" என்றார் சாச்சா.

"ஓம். வேற என்ன இரிக்கி நம்மளுக்கிட்ட?"

மூன்று பேர்தான் நின்றார்கள் தூக்க. முதிரைக் கதவு, மையத்தோடு சேர்த்து மூன்று பேருக்கு அசையாது. அப்போதுதான் பக்கத்துக் கொட்டில் ராத்தா வாசலில் வந்து நின்று, கதிரையில் இருந்த தன் புருசனைப் பார்த்துச் சொன்னார்:

"போறீங்களா, இல்லாட்டி நான் புடிக்கட்டா?"

பெண்கள் மையத்தைச் சுமந்து மையவாடிக்குப் போனால் அதைவிட ஊருக்கு மானக்கேடு இல்லை. அவர் எழுந்தார். வீடு கிடைக்கிற நேரத்தில் பெண்சாதியைப் பகைக்க ஏலாது என்று நினைத்திருப்பார். எதற்காக எழுந்தால் என்ன, எழுந்தார். மற்றக் கொட்டில்களிலும் அதே குரல்கள் கேட்கத் தொடங்கின. நீங்க போகாட்டி நான் போவன். ஒவ்வொருவராக எழுந்து சாரனை மடித்துக் கட்டினார்கள். கதவு தலைகளுக்கு மேலே ஏறியது. கருகல் மூலை என் பக்கமாகத் திரும்பிப் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மையவாடி வாசல் பூட்டியிருக்கும் என்று சாச்சா பயந்துகொண்டே போனாராம். திறந்திருந்தது. அதன் சாவி மாமாவிடம் இருந்தது. அவர் உள்ளே பூவரச மரத்தடியில் நின்றாராம். கதவு வருவதைக் கண்டு முகத்தைத் திருப்பினார். கடைசி வரிசையில் நின்று தொழுதார். யார் திறந்தது என்று பிறகு பள்ளியில் கேட்டதற்கு, "பூட்டு பழசு" என்றாராம்.

ஆனால் என் உம்மாவிடம் சொல்லி அனுப்பினார்: "உம்மாட கதவ மையத்துப் பலகையாக்கிற்றாள். இனி அந்தக் கதவத் தாண்டி வரமாட்டன்."

"வராட்டிப் போகட்டும்" என்றார் சாச்சி. அவரும் லேசான ஆள் இல்லை.

கேத்தலுக்கு ஒரே ஒரு இடம் கிடைத்தது. அது சாச்சிக்கு. மரைக்கார்மார் தங்கள் குடி ஆண்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த ஆண்கள் எல்லோரும் யாரோ ஒரு பெண்ணின் வீட்டில்தான் சோறு தின்கிறார்கள் என்பதை மறந்துவிட்டார்கள். அக்காவுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் முதல் கூட்டத்துக்குச் சாச்சி உடுத்துப்போன சட்டையை அவர்தான் தைத்துக் கொடுத்தார்.

சபைக்குள் சாச்சி என்ன பட்டார் என்று சொன்னால் அது தனிக் கதை. அவர் பேச எழும்பினால் ஒலிவாங்கி பழுதாகும். வீடு கொடுப்பது சபையின் வேலையுமல்ல. ஆனால் உறுப்பினர் என்ற பெயரை வைத்துக்கொண்டு, அரசாங்கக் கந்தோர் கந்தோராகப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். அதிகாரிகள் தேத்தண்ணி குடிக்கப் போனால் வரும்வரை இருந்தார். மற்றத் திட்டங்களில் பெண்களின் பெயரில் எழுதுவது நடக்கவில்லை. நமது வரிசையில் நடந்தது. ராத்தாவின் வீடு ராத்தாவுக்கு. சாச்சியின் வீட்டுக்கு முதிரைக் கதவு போட்டார்கள். மையத்துப் போன கதவை வீட்டுக்குப் போடலாமா என்று கேட்டவர்களுக்கு, "நாமளும் மையத்துதான், கொஞ்சம் சுணங்கும்" என்றார்.

மாமியின் வீட்டுக்குப் பதிலாக வந்தது மாமாவின் மகளுக்குப் போனது. எல்லோரும் நியாயம் என்றார்கள். அந்தச் சின்ன வீட்டில் மகள், மருமகன், பிள்ளைகள். மாமா மதியச் சாப்பாட்டுக்குப் போவார், விறாந்தைக்குத் திரும்புவார். சாச்சியின் வீட்டு ஒழுங்கையால் வராமல் சுற்றிப் போவார். யார் வீட்டுக் கலியாணத்திலாவது இருவரும் எதிர்ப்பட்டால் நமக்குத்தான் நெஞ்சு அடிக்கும். வருடங்கள் அப்படியே போயின.

யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன நாள் உங்களுக்கு மறக்காது. சந்தியில் வெடி, கொடி, பாற்சோறு. சபை உறுப்பினர்கள் எல்லோரும் படம் எடுக்கக் கூடினார்கள், சாச்சிக்கும் ஆள் அனுப்பினார்கள். சாச்சி என்னைக் கூட்டிக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனார். ஒழுங்கை முழுக்கக் கதவுகள் சாத்தியிருந்தன. அக்காவின் மகனைச் சில வருடங்களுக்கு முன்னால் இயக்கத்துக்கென்று பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பிறகு வடக்கே நிற்கிறான் என்று ஒரு சேதி, அதற்குப் பிறகு அதுவும் இல்லை. அக்கா அழவில்லை. அடுப்பு மூட்டாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தோள் ஒருதரம் துள்ளியது.

சாச்சி அடுப்பு மூட்டித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.  பிறகு அக்காதான் கேட்டார்.

"என்ட புள்ள எங்க இரிக்கான் எண்டு எனக்குத் தெரியா. தெரிஞ்சா நடந்தே போவன். உன்ட காக்கா எங்க படுக்கார் எண்டு உனக்குத் தெரியுந்தானே?"

அடுத்த நாள் காலையில் சாச்சி பள்ளிவாசல் படலைக்கு முன்னால் போய் நின்றார். நானும் நின்றேன். பெண்கள் உள்ளே போவதில்லை, அதனால் வீதியில் நின்று பாங்கு சொல்கிற மோதினாரிடம் சொல்லி அனுப்பினார். விறாந்தைக் கயிற்றில் மாமாவின் சாரனும் சட்டையும் காய்ந்துகொண்டிருந்தன. தூணுக்குப் பின்னால் சுருட்டிய பாய், அதன் மேல் ஒரு பெட்டி. அவருடைய சாமான் அவ்வளவுதான். மாப்பிள்ளையாகப் போனபோது கொண்டுபோனதும் அவ்வளவாகத்தான் இருந்திருக்கும்.

மாமா வந்தார். மெலிந்திருந்தார். சலாம் சொன்னார். சாச்சி பதில் சலாம் சொன்னார்.

"பாய எடுத்துக்கிட்டு வாங்க காக்கா."

"அது உன்ட வீடு. நான் எந்த முகத்தோட வாற?"

"நம்மட ஊரில ஆம்பிளைக்கு எப்ப வீடிருந்த? எல்லாரும் ஒரு பொம்பிளைட வீட்டிலதான் மவுத்தாகுற. வாங்க."

 மாமா திரும்பி உள்ளே போனார். போய்விட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் நின்று, குனிந்து, கதவின் கீழ்மூலையில் விரலை வைத்தார்.

"இன்னும் போகல்ல" என்றார்.

"முதிரைதானே. எங்க போற?" என்றார் சாச்சி.

அவர் அந்த வீட்டில்தான் கடைசிவரை இருந்தார். மவுத்தானபோது பள்ளிவாசலிலிருந்து புதிய அலுமினியச் சந்தூக் உடனே வந்தது.

பொன்னாடைக் கூட்டம் முடிந்து சாச்சியை வீட்டில் விடப் போனேன். செருப்பைக் கழற்றும்போது, பல வருடங்களாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"சாச்சி, வீடெல்லாம் பெண்களுக்கு எண்டு சண்டை பிடிக்கக்குள்ள, மாமாக்கு வீடில்லாமப் போகும் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் சாச்சி. யோசிக்கக்கூட இல்லை. "அவருக்கு ஒரு கூரை இல்லாட்டி நான் குடுப்பன். அந்த ராத்தாக்கு ஆரு குடுக்கிற?"

"பிறகேன் அத்தின வருசமாக் கூப்பிடல்ல?"

சாச்சி பொன்னாடையை மடித்தார், பிரித்தார், திரும்பவும் மடித்தார்.

"நான் கூப்பிட்டா நான் தோத்த எண்டு ஆகும். அவர் தானா வந்தா அவர் தோத்த எண்டு ஆகும். ரெண்டு பேரும் அரசியல் செய்தம் புள்ள. பள்ளி விறாந்தையில மழைக்குச் சாரல் அடிக்கும் எண்டும் எனக்குத் தெரியும்."

கதவைச் சாத்திவிட்டு அவர் உள்ளே போனார்.